சூடுபட்ட மைக்ரோவேவ் பெட்டி





இன்று ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். அடுப்பு இல்லை, ஆனால் சூடாக்கும். தீ இல்லை, ஆனால் பால் பொங்கும். அதுதான் மைக்ரோவேவ். டெல்லியில் வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலர் அதைத் தினமும் தொடுகிறார்கள். துடைக்கிறார்கள். அதில் சோறு, குழம்பு சூடு செய்கிறார்கள்.

போன வாரம் நம் வகுப்பில் ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் வேலை செய்யும் வீட்டில் மைக்ரோவேவை கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பெரிய கடாய் வைத்தபோது தீ பக்கவாட்டில் போயிருக்கிறது. பெட்டியின் ஓரம் கருகிவிட்டது. கதவின் கீழ் மூலையில் பிளாஸ்டிக் உருகி வளைந்துவிட்டது. அந்த வீட்டு மேடம் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். "பழையது நன்றாகத்தான் ஓடுகிறது. நீ எடுத்துக்கொள்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு ஆசை. காலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் அவர். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே சாப்பாட்டைச் சூடு செய்து சாப்பிடலாம் என்று நினைத்தார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், "அதிலிருந்து கதிர் வரும், புற்றுநோய் வரும்" என்று சொல்லிவிட்டார். இன்னொருவர், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றார். இதில் யார் சொல்வது சரி? அக்கா அதை எடுத்துக்கொள்ளலாமா?

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வானொலிக்கு அலை உண்டு. கைபேசிக்கு அலை உண்டு. அந்த அலைகளின் சொந்தக்காரர்தான் மைக்ரோவேவ் அலை. பெட்டிக்குள் மேக்னட்ரான் என்று ஒரு கருவி இருக்கிறது. அது அந்த அலையை உண்டாக்குகிறது. அலை உணவில் இருக்கும் தண்ணீரை வேகமாக ஆட்டுகிறது. இரண்டு கையையும் உரசினால் சூடு வருகிறது அல்லவா? அதுபோல உணவு சூடாகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பெர்சி ஸ்பென்சர். 1945ஆம் ஆண்டு அவர் ராடார் கருவிக்கான மேக்னட்ரானுக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியது. ஏன் உருகியது என்று யோசித்தார். இந்த அடுப்பு பிறந்தது. அவர் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனவர். படிப்பை முடிக்காதவர். கேள்வி கேட்கத் தெரிந்ததால் உலகத்துக்கே ஒரு புதுப்பொருள் கொடுத்தார். நம் அக்காவும் கேள்வி கேட்டது நல்லதே.

மாயாபுரியில் நடந்தது வேறு

"கதிர்" என்றதும் நமக்குப் பயம் வருகிறது. டெல்லிக்காரர்களுக்கு அந்தப் பயம் வர ஒரு காரணம் உண்டு.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மேற்கு டெல்லியில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தை. டெல்லிப் பல்கலைக்கழகம் வெகுநாளாகப் பயன்படாமல் கிடந்த ஓர் ஆராய்ச்சிக் கருவியை ஏலத்தில் விற்றிருந்தது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிர்ப் பொருள் இருந்தது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. உடைத்தார்கள். கையால் தொட்டார்கள். பலருக்கு உடம்பு புண்ணானது. முடி கொட்டியது. ஒருவர் இறந்தே போனார்.

அந்தக் கதிருக்கு சுவிட்ச் கிடையாது. இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். உடம்பின் உள் அணுக்களையே உடைக்கும்.

மைக்ரோவேவ் அலை அப்படி இல்லை. சுவிட்சை நிறுத்தினால் அலை அந்த நொடியே நின்றுவிடும். உணவில் ஒட்டாது. பெட்டியில் தங்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்ட பெட்டியிலிருந்து எந்த அலையும் வராது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பயம் சரியில்லை.

அதற்காக "ஒன்றும் ஆகாது" என்பதும் சரியில்லை. இந்த அலை சுடும். குழம்பைச் சுடுவது போல நம் சதையையும் சுடும். முக்கியமாகக் கண். கண்ணுக்குள் இருக்கும் வில்லையில் ரத்தக் குழாய் இல்லை. சூட்டை எடுத்துப் போக வழி இல்லை. அதனால் நிறைய அலை பட்டால் கண்புரை வரலாம்.

அலையை உள்ளே பிடித்து வைப்பது எது?

அலை வெளியே வராமல் இருக்க மூன்று காவல் உண்டு.

முதல் காவல், பெட்டியின் இரும்புச் சுவர். அலை அதில் பட்டுத் திரும்பிவிடும்.

இரண்டாம் காவல், கதவில் இருக்கும் இரும்புச் சல்லடை. கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரியுமே, அதுதான். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஏறக்குறைய அரைச் சாண். சல்லடை ஓட்டையோ கடுகு அளவு. வெளிச்சம் அதன் வழியே வரும். அரைச் சாண் அலை வராது.

மூன்றாம் காவல், கதவின் விளிம்பு. கதவு மூடும்போது நான்கு பக்கமும் சட்டத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். விளிம்புக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. அதுதான் இடுக்கில் வரும் அலையைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பள்ளத்தை மூடித்தான் பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் கூடக் கசியக் கூடாதா என்று கேட்பீர்கள். சட்டத்தில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது. 5 சென்டிமீட்டர் என்றால் மூன்று விரல் அகலம். பழுதில்லாத பெட்டியில் இந்த அளவுக்குக் கூடக் கசிவு இருக்காது. தள்ளி நிற்க நிற்க அது இன்னும் குறைந்துவிடும்.

சூடு பட்டால் என்ன கெடும்?

வெளிச் சூடும் உண்டு, உள் சூடும் உண்டு.

அடுப்புத் தீ, மேலே வைத்த சூடான தவா, இவை வெளிச் சூடு. பிளாஸ்டிக் உருகும். கதவு கோணும். கதவு பார்க்க நன்றாக இருந்தாலும் ஓரத்தில் உள்ளே ஓடும் ஒயரின் உறை உருகியிருக்கலாம். அது நம் கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியை வெறுமையாக ஓட விடுவது, எவர்சில்வர் கிண்ணம் வைப்பது, பாப்கார்னைக் கருக விடுவது, காற்று போகும் ஓட்டைகளைத் துணி போட்டு மூடுவது, இவற்றால் வருவது உள் சூடு. உள் பெயின்ட் உரியும். துரு பிடிக்கும். அந்த இடத்தில் தீப்பொறி பறக்கும். உள் சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும். அது மைகா. நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்வோமே, அதுதான். எண்ணெய் தெறித்து அதில் பிடித்தால் அது கருகி ஓட்டை விழும்.

நாமே பார்க்கக் கூடியவை

இப்போது கவனமாகக் கேளுங்கள். முதல் வேலை, சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குவது. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

1. பிளக்கையும் ஒயரையும் பாருங்கள். பிளக்கின் முள் கருத்திருக்கிறதா? ஒயர் உருகி, கடினமாகி, வெடித்திருக்கிறதா? இருந்தால் ஓட்டக் கூடாது.

2. கதவின் நான்கு மூலையையும் பாருங்கள். உருகல், வளைவு, வெடிப்பு இருக்கக் கூடாது. கதவை மெல்ல மூடுங்கள். அழுத்தாமலே "டக்" என்று கொக்கி மாட்ட வேண்டும். கீல் ஆடக் கூடாது.

3. ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடுங்கள். மெல்ல இழுங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். மற்ற பக்கத்தில் தாள் பிடித்து, ஒரு பக்கம் மட்டும் சும்மா வந்தால் கதவு கோணியிருக்கிறது. தாள் எல்லாப் பக்கமும் பிடித்தால் கதவு நேராக இருக்கிறது, அவ்வளவுதான். அலை கசியவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

4. சல்லடையைப் பாருங்கள். கிழிசல், துரு, கருகிய ஓட்டை எதுவும் கூடாது. டேப் ஒட்டிச் சரி செய்யவே கூடாது.

5. உள் சுவரைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து துரு தெரிகிறதா? மைகா தகடு கருகியிருக்கிறதா? மைகா மட்டும் கெட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மெக்கானிக் அதை மாற்றிக் கொடுப்பார். மாற்றும் வரை ஓட்டக் கூடாது.

6. வெளிப்புறம் எங்கேயாவது கருகியோ உருகியோ இருக்கிறதா? ஒயர் கருகிய வாடை வருகிறதா? இருந்தால் கதவு நன்றாக இருந்தாலும் மெக்கானிக் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

இந்த ஆறும் சரியாக இருந்தால் மட்டும் ஏழாவது சோதனை. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் வையுங்கள். கதவை மூடி ஒரு நிமிடம் ஓட விடுங்கள். நடுவில் கதவைத் திறங்கள். திறந்த உடனே இரைச்சல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்கள். அந்தப் பெட்டியை மறுபடி தொடாதீர்கள். ஓடும்போது தீப்பொறி, புகை, வாடை வந்தாலும் அப்படியே நிறுத்திவிடுங்கள். வெளி உடம்பைத் தொட்டால் "சுரீர்" என்று ஷாக் அடித்தால் எர்த் சரியில்லை. அதையும் ஓட்டக் கூடாது.

செய்யவே கூடாதவை

சிலர் பெட்டிக்குள் கைபேசியை வைத்து மணி அடித்துப் பார்ப்பார்கள். அடித்தால் கசிவு, அடிக்காவிட்டால் நல்லது என்பார்கள். இது தவறு. கைபேசி அலையும் இந்த அலையும் ஒரே அளவு இல்லை. நல்ல பெட்டியிலும் மணி அடிக்கும். அவசரத்தில் யாராவது பட்டனை அழுத்தினால் கைபேசி வெடித்துத் தீப்பிடிக்கும்.

கையையோ முகத்தையோ கதவருகில் வைத்துச் சூடு தெரிகிறதா என்று பார்க்கக் கூடாது. உள்ளே எதுவும் இல்லாமல் ஓட்டக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பெட்டியின் வெளி மூடியை ஸ்குரு கழற்றித் திறக்கக் கூடாது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். இந்தப் பெட்டிக்குள் அது சுமார் 4,000 வோல்ட்டாக ஏறுகிறது. கெப்பாசிட்டர் என்ற பாகம் அதைச் சேர்த்து வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு தொடலே உயிரை எடுத்துவிடும். தெருவில் ஃபேன் பழுது பார்க்கும் தம்பி கெட்டிக்காரராக இருக்கலாம். இந்தப் பெட்டிக்குப் பழகியவராக இல்லாவிட்டால் அவரையும் திறக்க விடாதீர்கள். அவர் உயிரும் உயிர்தானே!

அக்காவுக்கு என்ன பதில்?

அக்காவின் பெட்டியில் கதவு மூலை உருகி வளைந்திருக்கிறது. ஓரமும் கருகியிருக்கிறது. இரண்டாம் சோதனையிலும் ஆறாம் சோதனையிலும் அது தோற்றுவிட்டது. மூன்றாம் காவல் உடைந்த பெட்டி அது. "நன்றாக ஓடுகிறது" என்று மேடம் சொன்னது பொய் இல்லை. ஓடும். பாலும் பொங்கும். ஆனால் ஓடுவது வேறு, பத்திரமாக ஓடுவது வேறு. அலைக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. கசிந்தால் நமக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று, முகத்தை ஒட்டி வைத்து, "வெந்துவிட்டதா" என்று பார்க்கப் போவது யார்? பிள்ளைகள்.

ஆகவே, இப்போது இருக்கிற நிலையில் அதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக்கிடம் கசிவை அளக்கும் மீட்டர் இருக்கும். அவர் கதவை மாற்றி, உள்ளே ஒயர்களைப் பார்த்து, மீட்டர் வைத்து அளந்து "சரி" என்று சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். கதவு மாற்ற என்ன செலவு என்று முதலில் கேளுங்கள். பழைய பெட்டிக்கு அவ்வளவு செலவு செய்வது சில நேரம் வீண். கேஸ் அடுப்பில் சூடு செய்வது ஒன்றும் குறைவில்லை.

இன்னும் ஒன்று. மைக்ரோவேவ் அதிக மின்சாரம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். நம் ஒற்றை அறை வீடுகளில் ஒரே பாயிண்டில் ஃபேன், டிவி, கைபேசி எல்லாம் மாட்டியிருக்கிறோம். அதில் இதையும் மாட்டினால் ஒயர் சுடும், பிளக் உருகும்.

மேடத்திடம் எப்படிச் சொல்வது?

நாம் வேலை செய்யும் வீட்டில் இப்படிப் பெட்டி இருந்தால் என்ன செய்வது? தினமும் அதன் முன் நிற்பது நாம்தான். "சொன்னால் நீதான் கெடுத்தாய் என்பார்களோ" என்று பலர் வாயைத் திறப்பதில்லை. சொல்லாமல் இருந்தால் அந்த வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. நமக்கும் ஆபத்து. பார்த்த அன்றே சொல்லிவிடுவது நல்லது. இந்தியில் இப்படிச் சொல்லலாம்:

"மேடம், இஸ்கா தர்வாஜா பிகல் கயா ஹை. இஸே மத் சலாயியே. மெக்கானிக் கோ திகா தீஜியே."

இதன் கதவு உருகிவிட்டது, இதை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று பொருள். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சொல்லும்போது கதவின் மூலையைக் கையால் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

உள்ளே தீப்பிடித்தால்

கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று போய்த் தீ பெரிதாகும். சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்கள். கைக்கு எட்டினால் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே காற்று தீர்ந்தால் பெரும்பாலும் தீ தானே அணையும். அணையாவிட்டால் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு 101 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 112க்கும் செய்யலாம்.

கெட்ட பெட்டியை என்ன செய்வது?

மாயாபுரி நமக்குச் சொன்ன பாடம் இங்கே உதவும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பழைய கருவியைக் கைமாற்றக் கூடாது. சீலம்பூர் பக்கம் நம்மைப் போன்ற ஏழைகள்தான் பழைய மின்பொருள்களை வெறும் கையால் பிரிக்கிறார்கள். செம்புக்காக இந்தப் பெட்டியை உடைப்பவர் அந்தக் கெப்பாசிட்டரைத் தொடலாம்.

2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. அந்த விதிகளின்படி, தயாரிக்கும் கம்பெனிக்குப் பழைய பொருளை முறையாக மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள். அல்லது அரசிடம் பதிவு செய்த மின்கழிவு நிலையத்தில் கொடுங்கள். கொடுக்கும் வரை யாரும் ஓட்டாமல் இருக்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஒயரை வெட்டிவிடுங்கள். மேலே "ஓட்டாதே" என்று எழுதி ஒட்டுங்கள். இப்போது நமக்கு எழுதத் தெரியுமே!

படித்துப் பாருங்கள்

எந்த மைக்ரோவேவின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் படியுங்கள். வோல்ட் 230 என்று இருக்கும். வாட் எவ்வளவு என்று இருக்கும். 1,200 வாட், 1,400 வாட் என்று எண் பெரிதாக ஆக, மின்சாரமும் அதிகம் இழுக்கும். 2012ஆம் ஆண்டு அரசு ஓர் ஆணை போட்டது. அதன்பின் விற்பனைக்கு வரும் பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரை வேண்டும். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் அதில் இருக்கும். வாங்கிய பொருள் பழுதாகி, கடைக்காரரும் கம்பெனியும் கவனிக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்வது நமக்குக் கஷ்டம். எனக்கும் அது தெரியும். ஆனால் ஒரு பொருளைச் சோதித்துப் பார்த்து, காரணம் சொல்லி, "வேண்டாம்" என்று சொல்வதும் படித்தவர் செய்யும் வேலைதான்.

வீட்டுக்குப் போய் இந்த மூன்று கேள்விகளைப் பற்றிப் பேசுங்கள்.

1. பிளக்கைப் பிடுங்கிய பெட்டியிலிருந்து அலை வருமா? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் இருக்கும் ஆபத்து எது?

2. கதவு நன்றாக இருந்தும் எப்போது ஓட்டக் கூடாது?

3. நீங்கள் வேலை செய்யும் வீட்டில் மைக்ரோவேவ் எங்கே இருக்கிறது? அடுப்பிலிருந்து எத்தனை சாண் தள்ளி?

மூன்றாவது கேள்விக்கு நாளைக்கே சாண் போட்டு அளந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டலாம்.